மணல் குன்றின் மேல் மணப்பாடு



நம் பங்கின் யூபிலி மலரில் அயலூராகிய மணப்பாட்டின் வரலாற்றை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற காலத்தில் இக்கடற்கரை முழுவதும் ஒரே குடும்பமாகவே இருந்தது. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என ஏழு கடற்றுறைகளையும் ஒரே மூச்சில் சொல்வதே நம் பெரியவர்களின் வழக்கம். அந்த ஏழனுள் பழைய முகம் இன்னும் பெருமளவுக்குக் கலையாதிருப்பது மணப்பாட்டிலேதான் என்பது நமது எண்ணம். பிற ஊரார் கோபிக்க வேண்டாம்.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம் வழியாக ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால், கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல் ஒரு மணற்குன்று தெரியும். அதன் உச்சியில் வெள்ளை வெளேரென்று திருச்சிலுவை ஆலயம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, இடையில் ஊர்.

1540-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கப்பலொன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து தத்தளித்ததாகவும், உயிர் பிழைத்தால் சிலுவை நாட்டுவேன் என்று மாலுமி நேர்ந்துகொண்டதாகவும், கரை சேர்ந்தபின் முறிந்த அந்தப் பாய்மரத்திலேயே சிலுவை செய்து குன்றின்மேல் நாட்டியதாகவும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அதே இடத்தில் 1581-இல் திருச்சிலுவை ஆலயம் எழுந்தது. செப்டம்பர் 14-ஆம் நாள் திருவிழாவுக்கு இன்றும் சாதி மத பேதமின்றி மக்கள் திரளுகின்றனர்.

ஆயினும் இவ்வூரில் நம் மனத்தை அதிகம் கவர்வது ஆலயத்தைக் காட்டிலும் குன்றின் கடற்புறத்துச் சரிவில் உள்ள குகைதான். நம் பரதகுல முன்னோர் 1530-களின் நடுவில் கொச்சிக்குத் தூது அனுப்பித் திருமறையில் சேர்ந்தபோது, அவர்களுக்கு வேதம் கற்பிக்க ஆளில்லை. பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்த அவர்களிடம் 1542-இல் புனித சவேரியார் வந்து சேர்ந்தார். மணப்பாட்டில் அவர் தங்கியதும் தவம் செய்ததும் இக்குகையில் என்பர். அதற்கு முன் சைவத் துறவி ஒருவர் இங்கே வாழ்ந்தார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. உப்புக் கடலுக்குச் சில அடி தூரத்தில் குகைக்குள்ளே நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பது பார்ப்போரை இன்றும் வியக்க வைக்கிறது.

குகையில் அவர் கண்மூடி அமர்ந்திருந்தார் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. 1544-இல் மணப்பாட்டிலிருந்து தம் தோழர் மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவ்வாண்டு ஜூன் மாதம் வடுகர் படை தெற்கே புகுந்தது. குமரிமுனைப் பகுதிக் கிறிஸ்தவர்கள் உயிர் தப்பக் கடலுக்குள் நீண்ட பாறைகளில் ஏறிப் பசியாலும் தாகத்தாலும் துடித்தனர். செய்தி எட்டியதும் சவேரியார் இதே கடற்றுறையிலிருந்து இருபது தோணிகளுடன் அவர்களுக்கு உதவப் புறப்பட்டார். ஆனால் காற்று எதிர்த்தது. எவ்வளவோ முயன்றும் தோணிகள் முனையை அடையவில்லை, திரும்ப நேர்ந்தது. பின்னர் தரைவழியே நடந்துசென்று, எஞ்சியோரைக் கண்டு ஆறுதல் சொன்னார். பிரசங்கங்களில் நாம் சவேரியாரின் புதுமைகளையே அதிகம் சொல்கிறோம். எதிர்க்காற்றில் திரும்பிவந்த அந்த இருபது தோணிகளைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஆனி ஆடிக் காற்றை அறிந்த நம் மீனவர்களுக்கு அந்த நாள்களின் வேதனையை விளக்க வேண்டியதில்லை.

1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிப் போர்த்துக்கீசியரை வெளியேற்றியபோதும் மக்கள் தங்கள் விசுவாசத்தை விடவில்லை. பிற்காலத்தில் மணப்பாட்டார் பலர் கொழும்பு வாணிபத்தில் பொருள் ஈட்டினர். உயர்ந்த தூண்களும், அகன்ற கூடங்களும், ஐரோப்பியப் பாணி முகப்புகளும் கொண்ட வீடுகள் அப்பணத்தில் எழுந்தவை. புனித யாகப்பர் ஆலயத்தையும் பரிசுத்த ஆவி ஆலயத்தையும் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் நூறாண்டு பின்னால் போனதுபோல் இருக்கும். 2013-இல் வெளிவந்த 'கடல்' திரைப்படம் இங்கே எடுக்கப்பட்டபின் வேடிக்கை பார்க்க வருவோர் கூடியிருக்கின்றனர்.

கொழும்பு வாணிபம் தேய்ந்தது. 1961-க்குப் பிறகு இக்கரையில் முத்துக்குளிப்பும் நடைபெறவில்லை. பெரிய வீடுகள் பலவற்றின் பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் இருக்கின்றனர். திருவிழாவுக்குத்தான் சில கதவுகள் திறக்கின்றன. உப்புக்காற்றுக்கு மனிதர் குடியில்லாத வீடென்றால் மிகப் பிரியம்: முதலில் சாளரத்தின் கீல், பிறகு உத்தரம், பிறகு கூரை. ஊரோடு இருக்கும் எளிய குடும்பங்களைத் தாங்குவது கடலும், பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டி கூடைகளுமே. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் ஏவும் நாள்களில் தோணி எங்கே போகும், வலை எங்கே விழும் என்று மீனவர் கேட்பதும் நியாயமே.

பழமையைக் காப்பதைப் பற்றிப் பிறருக்குப் புத்தி சொல்ல நமக்கு அருகதை குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், செல்லரித்துவிட்டது என்று பழைய மரப் பீடத்தை அகற்றிச் சலவைக்கல் பீடம் அமைக்க நாமே சம்மதித்தோம். பாதி அரிப்புத்தான், ஒரு நல்ல தச்சர் இருந்திருந்தால் செப்பனிட்டிருக்கலாம். பலகைகளை ஏற்றிய வண்டியின் பின்னால் ஒரு மூதாட்டி தெருமுனை வரை ஒன்றும் பேசாமல் நடந்துபோனார். அவருடைய திருமணம் அந்தப் பீடத்தின் முன்தான் நடந்ததாம். அதை நாம் பின்னரே அறிந்தோம்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கின் பழைய பதிவேடுகளையும், மேல்மாடத்தில் கிடக்கும் சுரூபங்களையும், தேர்ச் சிற்பங்களையும் எண்ணிக் குறித்துவைக்க இளைஞர் சிலரைக் கேட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய ஓலைகளோ, கொழும்புக் கடிதங்களோ, திருமணப் படங்களோ இருந்தால் பங்குமனைக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். மணப்பாட்டுக்கு ஒருநாள் பயணமும் ஏற்பாடாகிறது. குகைக்கு இறங்கும் வழியில் மணல் சுடும். முதியோர் காலையிலேயே போய்விடுவது நல்லது.