பழைய ரயரும் வன்னி வீதியும்: நிலக்கீலில் இறப்பர் கலக்கும் முறையின் வரலாற்று வளர்ச்சி

1. ஆய்வுப் பொருள்

2009இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபின் வன்னியின் முக்கிய வீதிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடனில் புனரமைக்கப்பட்டன. ஏ9 வீதியின் வடபகுதி சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் காப்பெட் வீதியானது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் அங்கீகரித்த வடக்கு வீதி இணைப்புத் திட்டத்தின் கீழ் வேறு வீதிகளிலும் வேலை நடந்தது. அன்று இட்ட தளங்கள் இன்று மேற்படை கேட்கும் வயதை எட்டிவிட்டன. அவற்றின்மேல் ஓடித் தேய்ந்த ரயர்களும் வளவுகளில் குவிகின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தொழில்நுட்பம் புதியதன்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அம்முறை நிலைத்த இடங்களில் தரநியமமும் வெப்பக் கட்டுப்பாடும் கள அனுபவமும் முன்பே இருந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. உருகாத பொருளும் ஈரமுறையும்

1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்த வல்கனைசுப்படுத்தல், கந்தகப் பிணைப்புகளால் இறப்பரை உறுதியாக்கியது. ரயருக்கு உயிர் கொடுத்த அதே பிணைப்புகள் மீள்பயன்பாட்டுக்குத் தடையாயின. ரயரை உருக்கி நிலக்கீலோடு கலக்க முடியாது. தூளாக்கித்தான் கலக்க வேண்டும்.

1960களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் மாநகரப் பொருட்பொறியியலாளர் சார்ள்ஸ் மெக்டொனால்ட் இதற்கு வழி கண்டார். ஏறத்தாழ 175 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிய நிலக்கீலில் 15 முதல் 20 வீதம் வரை இறப்பர்த் தூளை இட்டு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை கலக்கினால், தூள் நிலக்கீலின் இலகு எண்ணெய்களை உறிஞ்சி உப்பும்; கலவை தடித்து மீள்தன்மை பெறும். இதுவே ஈரமுறை. அதே பத்தாண்டில் சுவீடனில் வளர்ந்த உலர்முறையில் தூள் நிலக்கீலுடன் முன்கூட்டியே கலக்கப்படுவதில்லை. சல்லியின் ஒரு பகுதிக்குப் பதிலாக இடப்படுகிறது. பாலைவன வெயிலும் விரிசல் விட்ட வீதிகளும் கொண்ட அரிசோனாவில் ஈரமுறை வேரூன்றியது.

3. சட்டம் முந்திய காலம்

அமெரிக்கக் காங்கிரஸ் 1991இல் இயற்றிய போக்குவரத்துச் சட்டம், மத்திய அரசின் நிதி பெறும் நிலக்கீல் வேலைகளில் குறித்த பங்கு கழிவு இறப்பரைக் கொண்டதாக இருக்க வேண்டும் என விதித்தது. 1994இல் 5 வீதத்தில் தொடங்கி 1997இல் 20 வீதத்தை எட்டுவது திட்டம். பல மாநிலங்களிடம் அதற்கான உபகரணமும் இல்லை, அனுபவமும் இல்லை. எதிர்ப்பு வலுத்து 1995இல் அந்த விதி நீக்கப்பட்டது. விதி போன பின்னும் அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் இம்முறை தொடர்ந்தது. அங்கே சட்டத்துக்கு முன்பே அனுபவம் இருந்தது.

4. இந்தியா சென்ற வழி

இந்தியா கட்டாயத்திலிருந்து தொடங்கவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் 1999இல் பல்பகுதியம், இறப்பர் ஆகியவற்றால் மேம்படுத்திய நிலக்கீலுக்கு வழிகாட்டியை வெளியிட்டது. 2004இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15462 வந்தது. இறப்பர்த் தூள் நிலக்கீல் 50, 55, 60 எனத் தரம் பிரிக்கப்பட்டது. இந்த எண்கள் அது மென்மையாகும் வெப்பநிலையின் கீழெல்லையைச் சொல்பவை. வெயில் கூடிய இடத்துக்கு உயர்ந்த தரம் என்பது பொது விதி.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் வளர்த்த பிளாஸ்டிக் வீதி முறை இறப்பர் முறையினின்று வேறானது. அதில் சூடான சல்லியின்மேல் பிளாஸ்டிக் உருகிப் படிகிறது.

5. இலங்கையும் வன்னியும்

1876இல் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில் நட்ட கன்றுகளிலிருந்து இலங்கையின் இறப்பர்ச் செய்கை தொடங்கியது. இன்று நாடு திண்ம ரயர்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது. கழித்த ரயருக்கோ வழிகள் சில: மேற்பட்டி மாற்றி மீண்டும் ஓட்டுவது, சீமெந்துச் சூளையில் எரிபொருளாக்குவது, பூச்சாடியாக வெட்டுவது. எஞ்சியவை மாரிமழையில் நீர் தேக்கி நுளம்பு வளர்க்கின்றன. 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானதை இங்கு நினைவுகொள்ள வேண்டும்.

இலங்கைக் காப்பெட் வீதிகளில் வழக்கமாகப் பயன்படும் 60/70 ஊடுருவல் தர நிலக்கீல், 50 பாகையை அண்டி மென்மையாகும். காற்றின் வெப்பம் 35 பாகையைத் தொடும் நாளில் கருந்தளம் 60 பாகையைத் தாண்டக்கூடும். அப்போது நெல் மூட்டை ஏற்றி மெல்ல ஊரும் லொறியின் சில்லுத்தடம் பள்ளமாகிறது. இறப்பர் கலந்த நிலக்கீல் இப்பள்ளத்தையும் விரிசலையும் தாமதப்படுத்தும். ரயரிலுள்ள காபன் கறுப்பும் ஒட்சியேற்றத் தடுப்பிகளும் தளம் முதுமையடைவதை மெதுவாக்கும்.

ஆனால் தடைகளும் உண்டு. முதலாவது, இறப்பர் மேற்படைக்கு உதவுமே தவிர அடித்தளத்துக்கன்று. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்துக்கு மருந்து அகலமான மதகும் நல்ல வடிகாலுமே. இரண்டாவது தடை வேலைமுறை. சிறு திருத்த வேலைகளில் தார்ப் பீப்பாவை வீதியோரம் கல்லடுக்கி விறகுத் தீயில் சூடாக்குவது இங்கே பழகிய காட்சி. அந்தப் பீப்பாவில் தூளைக் கொட்டினால் அது அடியில் படிந்து கருகும். வெப்பமானியும் ஓயாத கலக்கியும் உள்ள கலவைநிலையமே இதற்கு ஏற்றது. மூன்றாவது சூழல். ரயர்ச் சேர்மமொன்றிலிருந்து உருவாகும் 6பிபிடி-குயினோன் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். குளங்களும் களப்புகளும் நிறைந்த வன்னியில் வீதிநீரைச் சோதிப்பது கட்டாயம்.

6. முடிவுரை

அமெரிக்க அனுபவமும் இந்திய அனுபவமும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன: முதலில் தரநியமமும் கள அனுபவமும், அதன் பின்னரே பரவல். வன்னியில் தூளுக்கான முதல் மூலமாக, மேற்பட்டி மாற்றும் பட்டறைகளில் சுரண்டி எடுக்கப்படும், கம்பி கலவாத இறப்பர் அமையலாம். பரந்தன்–முல்லைத்தீவு வீதி போன்ற ஒன்றில் அடுத்த மேற்படை இடும்போது, சாதாரணக் கலவையும் இறப்பர்க் கலவையும் அருகருகே இடப்பட வேண்டும். சில மாரிகாலங்கள் அளந்து, முடிவுகள் தமிழிலும் வெளியாக வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபையும் வட மாகாண வீதித் திணைக்களமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீடமும் கைகோத்தால் இதற்குப் புதிய கடன் தேவைப்படாது.