திதி மறக்காத ஊரில் வருஷம் மறக்கலாமா?



காலாண்டு மார்க் வந்த நாளிலிருந்து போன் மேல் போன். என்னிடம் எட்டாவது படித்தவர்கள் இன்று பத்தாவது பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், மத்த பாடமெல்லாம் பரவால்ல. சமூக அறிவியல்ல அந்த வரலாறுதான். வருஷத்தையெல்லாம் குழப்பிக்கிறான்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. "மனப்பாடம் வேண்டாம், புரிந்தால் போதும்" என்று பெரியவர்கள் மேடையில் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1806 என்பதை 1860 என்று எழுதினால் அந்த மார்க் போனது போனதுதான். ஒரு மார்க் கேள்வி, பொருத்துக, காலக்கோடு எல்லாவற்றுக்கும் வருஷம் வேண்டும். பிளஸ் ஒன்னில் எந்த குரூப், பாலிடெக்னிக்கா, ஐடிஐயா என்பதெல்லாம் அந்த மார்க் ஷீட்டில் இருக்கிறது. நாளை குரூப் 4 எழுத உட்கார்ந்தாலும் இதே வரலாறு எதிரே வந்து நிற்கும். கிரிவலப் பாதையில் பூ விற்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

ஆகவே மனப்பாடம் வேண்டும். ஆனால் அந்த வருஷத்தை எதில் மாட்டி வைப்பது? ஆணி இல்லாத சுவரில் சட்டை நிற்குமா?

நம் ஊரையே பாருங்கள். போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளன், தன் துவாரசமுத்திரம் டெல்லிப் படைகளிடம் சிக்கிச் சீரழிந்த பிறகு, திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டவர். 1342-43 வாக்கில் மதுரை சுல்தானின் படையோடு மோதி உயிரை விட்டார். அவருடைய முடிவைப் பற்றி, அப்போது மதுரைக்கு வந்த இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை இல்லாத அந்த மன்னருக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது நம் தல வரலாறு. அதனால்தான் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுத்துத் தீர்த்தவாரி முடித்துத் திரும்புகிறார். 680 வருஷம் ஆகிறது. கைடு வாங்கி யாரும் இதை மனப்பாடம் செய்யவில்லை. ஆள் யார், எந்த இடம், நமக்கு என்ன உறவு என்று தெரிந்திருந்தது. நாள் தானாக நின்றுவிட்டது.

பாடப் புத்தகத்து வருஷங்களுக்கும் இப்படி ஓர் உறவு வேண்டும். அதற்கு நம் பஸ் ஸ்டாண்டே போதும். பஸ் பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள்.

வந்தவாசி. 1760 ஜனவரி 22. ஆங்கிலேயர் பக்கம் அயர் கூட், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி. ஆங்கிலேயருக்குச் சென்னை, பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி, நடுவில் உள்நாட்டில் ஒரு கோட்டை. மேப்பில் மூன்றையும் புள்ளி வைத்துப் பார்த்தால் சண்டை ஏன் அங்கே நடந்தது என்று பிள்ளையே சொல்லிவிடும். அப்போது ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர், 1756 முதல் 1763 வரை. அங்கே மூண்ட பகை இங்கே நம் வயல்காட்டில் வெடித்தது. தோற்ற லாலி அடுத்த ஜனவரியில் புதுச்சேரியையும் இழந்தார். 1763 பாரிஸ் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. லாலியை அவருடைய நாடே 1766-இல் மரண தண்டனை கொடுத்துக் கொன்றது.

செங்கம். "முதல் மைசூர்ப் போர் 1767-69" என்று ஒரே வரியாகப் படிக்கிறோமே, அதில் 1767 நம் மாவட்டத்தில் நடந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித்தைச் செங்கத்தில் எதிர்த்தார்கள். அவர் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். மாதக் கடைசியில் இங்கேயே மறுபடியும் போர். நாம் கும்பிடும் கோயில் மதில் அந்தக் காலத்தில் படைகளுக்குக் கோட்டையாகவும் இருந்திருக்கிறது.

வேலூர். 1806 ஜூலை 10. இது பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. புதுத் தலைப்பாகை, அதில் தோல் சின்னம். நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும். இவை காரணங்கள். கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் இருந்தார்கள். விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கையில். அன்று காலையிலேயே கில்லெஸ்பி படையோடு எப்படி வந்து சேர்ந்தார்? ஆற்காட்டிலிருந்து வந்தார். வேலூர்-ஆற்காடு பஸ்ஸில் போனவர்களுக்கு அது எவ்வளவு பக்கம் என்று தெரியும். காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்று உள்தலைப்பு போட்டு எழுதினால் பெரிய கேள்விக்கு விடை தயார்.

உலகப் போர் பாடமும் அப்படித்தான். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமேல் குண்டு வீசியது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் தாத்தாக்கள் சொன்னது அந்தக் கப்பலை வைத்துத்தான்.

இனி, வேலை. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் பின்பக்கம் ஒரு வருஷத்தைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கீழே மூன்று வரி: யார், எங்கே, ஏன். ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துத் தாள்களைக் கலைத்துப் போட்டு, வருஷ வரிசையில் அடுக்கட்டும். காலக்கோடு கேள்வி அங்கேயே முடிந்தது.

இரவில் அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நான் இடைநிலை ஆசிரியர். வகுப்பு எடுத்தது எட்டாவது வரைக்கும்தான். ஆனால் மாலைப் படிப்பில் பத்தாவது பிள்ளைகளோடும் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். சமூக அறிவியலில் நாலு மார்க், ஐந்து மார்க்கில் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டெம்ப்ட் எழுதி மேலே வந்தவர்கள் உண்டு. அத்தோடு நின்றுபோனவர்களும் உண்டு; அதில் பெண் பிள்ளைகள் அதிகம். அவர்களில் மக்குப் பிள்ளை யாரும் இல்லை. வீட்டில் பாடத்தைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். "எங்களுக்கு என்ன தெரியும், நாங்க படிக்கல" என்று அம்மாக்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அம்மா படித்திருக்க வேண்டியதில்லை. பூக் கட்டிக்கொண்டே கேட்கலாம். கதை நிற்கும் இடத்தில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். 1760-க்கு அப்புறம் 1761, 1763 என்று பிள்ளை தானாகப் போய்விடும். இதற்கு டியூஷன் பீஸ் கிடையாது.

பத்தாவது பிள்ளை இருக்கும் வீட்டுக்கெல்லாம் இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். போன் இல்லாத வீடு பக்கத்தில் இருந்தால் நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்