கட்டணமில்லாக் காட்சிகள்: பாலவனத்தம் வட்டாரத்தில் சமணத் தடங்கள்

தொண்டை நாட்டு ஊர்களிலிருந்து மதுரைக்கு யாத்திரை வரும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் சமணர் மலையையும் ஆனைமலையையும் கண்டு, கழுகுமலை சென்று, திரும்பிவிடுகின்றன. இடையில் கிடக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் காடு அவர்களது பயணத் திட்டத்தில் இடம்பெறுவது அரிது. பருத்தியும் கம்பும் விளையும் அந்த வானம் பார்த்த பூமியில் காண என்ன இருக்கிறது என்று கேட்பவரும் உண்டு. அங்கே கோபுர வாசலும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. சித்தன்னவாசலில் சீட்டு வாங்கி உள்ளே செல்பவர், இங்கே காசு ஏதும் கொடுக்காமல் பாண்டிய நாட்டுச் சமண வரலாற்றின் ஒரு பெரிய அத்தியாயத்தைக் காணலாம். எங்கே காண்பது என்று மட்டும் அறிந்திருக்க வேண்டும்.

பயணத்தைப் பாலவனத்தத்தில் தொடங்குவது பொருத்தம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர், ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரால் (1867–1911) தமிழுலகில் பெயர் பெற்றது. 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவர். சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் அடுத்த ஆண்டு வெளிவரத் தொடங்கியது. சைவப் பற்று மிக்க அப்பெருமகன் சமணர்க்கு என்ன செய்தார் என்று கேட்கலாம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வீடூர்ச் சந்திரநாத செட்டியார் போன்ற சமணப் பெரியோர் அவருக்கு ஐயம் தீர்த்ததை நம் குடும்பங்கள் அறியும். ஐயர் அடுத்தடுத்துச் செய்த பதிப்புப் பணிக்குப் பொருள் தந்து தாங்கியவர்களில் பாலவனத்தம் ஜமீன்தாரும் ஒருவர். 1898இல் வெளிவந்த மணிமேகலை அவரது உதவி பெற்ற நூல்களுள் ஒன்று. அது பௌத்த காப்பியந்தான். எனினும் சமயம் பாராமல் பழந்தமிழ் ஏடுகளைக் காத்த அந்தத் தலைமுறை இல்லையேல், சமணர் இயற்றிய காப்பியங்களும் கறையானுக்கே இரையாகியிருக்கும்.

ஏட்டைவிட உறுதியானது கல். அருப்புக்கோட்டைக்கு அருகே உள்ள கோவிலாங்குளத்தில் அத்தகைய சான்று ஒன்று இருக்கிறது. அங்குள்ள பழைய சமணக் கோயிலை ஊரார் 'அம்மணசாமி கோயில்' என்று வழங்கிவந்தனர். அதன் தளப்பகுதியில் முதலாம் குலோத்துங்க சோழனின் 48ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அது கி.பி. 1118ஐ ஒட்டிய காலம். செங்காட்டிருக்கை என்னும் நாட்டுப் பிரிவைச் சேர்ந்த கும்பனூரில் வாழ்ந்த சமணர் சிலர், முக்குடையார் கோயிலுக்கும், இயக்கிக்குச் செம்பினால் விமானம் அமைக்கவும் நிலம் அளித்த செய்தியை அது பதிவு செய்கிறது.

இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது. பாண்டிய நாட்டில் சமணம் ஏழாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது என்பது இன்றும் பள்ளிப்பிள்ளைகள் கேட்டு வளரும் கதை. கூன்பாண்டியன் மதம் மாறினான், சமணர் அழிந்தனர் என்று அக்கதை முடிகிறது. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும், மழை பொய்க்கும் இந்த நாட்டில், சொந்த நிலத்தைக் கொடுத்து இயக்கிக்குச் செம்பு வேயும் வசதியும் ஊக்கமும் உடைய சமண இல்லறத்தார் இருந்தனர் என்று கல் சொல்கிறது. கொடுத்தவன் அரசன் அல்லன், ஊரார் சிலர். ஒரு சமயம் ஓர் ஊரில் வேரூன்றி நின்றதற்கு அரசனது கொடையைவிட இதுவே வலுவான சான்றாகும். அவர்களுடைய வழியினர் எப்போது, எங்குச் சென்றனர் என்பதற்கு அக்கல்லில் விடை இல்லை. அவர்கள் வணங்கிய திருமேனியை அம்மணசாமி என்று பெயரிட்டுக் காத்தவர்கள், அருகன் யாரென அறியாத அண்டை வீட்டார். அவர்களுக்கு நன்றி சொல்லாமல் அவ்விடத்தை விட்டு அகல இயலாது.

திருச்சுழி, சுந்தரர் பாடிய தலம். 1879இல் ரமணர் பிறந்த ஊர். அங்கே வருவோர் குண்டாற்றையும் திருமேனிநாதர் கோயிலையும் கண்டு மகிழ்வர். சமண வரலாற்றைத் தேடுவோர் அருகிலுள்ள பள்ளிமடத்துக்கும் செல்ல வேண்டும். ஊர்ப் பெயரில் 'பள்ளி' இருப்பதால் இது சமணப் பள்ளி இருந்த இடம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. இங்குள்ள காளைநாதர் கோயிலைச் சுந்தரபாண்டியன் பெயர் தாங்கிய பள்ளிப்படையாகக் கல்வெட்டு குறிக்கிறது. அரசனது நினைவாக எழுந்த கோயிலைப் பள்ளிப்படை என்பது மரபு. அந்தப் 'பள்ளி' வேறு. நம்மவர் எழுதும் சில கட்டுரைகளில் இந்த அவசரம் காணப்படுகிறது. உண்மையான சமணச் சான்று பெயரில் இல்லை, கற்களில் இருக்கிறது. அக்கோயிலின் கற்கள் சிலவற்றில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைக் கூறும் எழுத்துகள் உள்ளன. ஆகவே அழிந்துபோன குறண்டிச் சமணக் கோயிலின் கற்கள் இங்கே கொண்டுவந்து கட்டப்பட்டன என்று ஆய்வாளர் கருதினர். இன்றும் வழிபாடு நிகழும் கோயில் அது. செல்பவர் அம்முறைமைக்கு அடங்கி நின்று பார்த்துவருதல் வேண்டும்.

குறண்டி, இன்று குரண்டி என்று வழங்கும் சிற்றூர். காரியாபட்டி வட்டாரத்தில் ஆவியூருக்கு அருகே உள்ளது. கல்வெட்டுகள் அதனை வெண்பு நாட்டுக் குறண்டி என்கின்றன. அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளி, பராந்தக பர்வதம் என்னும் பெயரும் பெற்றிருந்தது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டின் பெருமைமிக்க சமணக் கல்வி நிலையங்களுள் அது ஒன்று. இப்போது அவ்வூருக்குச் செல்பவர் பெரிய மண்டபத்தையோ மாணாக்கர் உறைந்த விடுதியையோ எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் புகழைப் படிக்க வேண்டுமானால் வடக்கே, மதுரைக்கு மேற்கிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கே திரும்ப வேண்டும்.

அம்மலையில் ஏறவும் கட்டணம் இல்லை. அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும் ஐயனார் கோயிலும் உள்ளன. மதுரையின் 'பசுமை நடை' அன்பர்கள் 2010 முதல் இத்தகைய குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் செல்கின்றனர். கல் குவாரிகளால் குன்றுகள் கரைந்துவந்த காலத்தில் பிறந்த முயற்சி அது. நம் சமூகத்தாரின் 'அகிம்சை நடை'யும் அதே நோக்கத்தோடு கைவிடப்பட்ட தலங்களுக்குச் சென்றுவருகிறது. இவர்கள் வழியில் செல்லும் குடும்பங்கள், சிற்பத்தின் அழகைக் கண்டபின் அதன் கீழுள்ள வட்டெழுத்துக்கும் சிறிது நேரம் ஒதுக்க வேண்டும்.

அங்கே ஒரு திருமேனியின் கீழுள்ள கல்வெட்டு, குறண்டியின் ஆசிரியர் மரபை மூன்று தலைமுறைக்கு வரிசையாகச் சொல்கிறது. அட்டோபவாசி படாரர் முதல்வர். எண்ணாள் நோன்பு நோற்றவர் என்பதைப் பெயரே காட்டுகிறது. தசலட்சண நாள்களில் உண்ணா நோன்பிருக்கும் இல்லங்களுக்கு அப்பெயரின் அருமை விளங்கும். அவருடைய மாணாக்கர் குணசேன தேவர். அவருடைய மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இப்பெரியடிகளே அத்திருமேனியைச் செய்வித்தவர். ஆனால் தம் பெயராலோ தம் ஆசிரியர் பெயராலோ அதனைச் செய்விக்கவில்லை. அமிர்த பராக்கிரம நல்லூர் என்ற பெயருடைய குயிற்குடியின் ஊரார் பெயரால் செய்வித்தார். கல்வெட்டின் இறுதியில், அத்திருமேனியைக் காக்கும் பொறுப்பு பள்ளிச் சிவிகையாரிடம், பள்ளியின் சிவிகை சுமந்தோரிடம், ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.