மூன்று சுவர் தாண்டிய மணி

பெருநாள் காசில் வாங்கிய ரிமோட் கார் எங்கள் அக்கரைப்பற்று வீட்டில் ஆறு நாள்தான் ஓடியது. ஏழாம் நாள் மோட்டார் போய்விட்டது. என் மருமகன் அழவில்லை. ரிமோட்டின் ஆணிகளைக் கழற்றி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தான்.

"மாமா, இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே. எப்பிடிக் கம்பி இல்லாமப் போச்சு?"

அவன் சொன்னது ஏறக்குறைய சரி. ஒரு சிப், ஓரிரு ட்ரான்சிஸ்டர், சுருட்டிய செப்புக் கம்பி, 27.145 என்று பொறித்த ஒரு சின்னத் தகரக் கூடு. அந்தக் கூட்டுக்குள் இருக்கும் பளிங்குத் துண்டு வினாடிக்கு 2 கோடி 71 லட்சம் தடவைக்கு மேல் அதிர்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ 11 மீற்றர் நீளமான அலை கிளம்புகிறது. பட்டனை அழுத்தினால் சிப் அந்த அலையை வெட்டி வெட்டி அனுப்பும். காரில் இருக்கும் ரிசீவர் அந்தத் துடிப்புகளை எண்ணும். இந்த வகைக் கார்களில் 40 துடிப்பு வந்தால் பின்னே போ என்று அர்த்தம். முன்னே போகவும் திரும்பவும் வேறு வேறு எண்கள். பேச்சு, பாட்டு எதுவும் அந்த அலையில் இல்லை. வெறும் எண்ணிக்கைதான்.

இது எங்கே பிறந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன், ஏனென்றால் அது நம் பக்கத்துக் கதை. கல்கத்தாவில், ஒரு தகர வேலைக்காரரின் கையில் தொடங்கிய கதை.

ஜகதீஷ் சந்திர போஸ் 1885 இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கச் சேர்ந்தார். ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவான சம்பளம். போஸ் சண்டை போடவில்லை. சம்பளத்தைத் தொடாமல் மூன்று வருடம் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்து முழுப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தது. ஆராய்ச்சிக்கென்று அவருக்கு ஒதுக்கிய ஆய்வுகூடம் எதுவும் இல்லை. கல்லூரியின் ஒரு சின்ன அறையில், தகர வேலைக்காரர் ஒருவரைத் தானே பழக்கியெடுத்து, தனக்கு வேண்டிய கருவிகளைச் செய்வித்தார்.

மின்காந்த அலை உண்மையிலேயே இருக்கிறது என்று ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் ஜெர்மனியில் 1887-88 இல் காட்டியிருந்தார். 1894 புது வருட தினத்தில் அவர் காலமானார். அவரது வேலையைப் பற்றி ஒலிவர் லொட்ஜ் லண்டனில் ஆற்றிய உரையைப் படித்த போஸ், அதே வருடம் தன் 36 ஆவது பிறந்தநாளில் இனி ஆராய்ச்சிதான் என்று முடிவெடுத்தார். அவர் உண்டாக்கிய அலைகளில் மிகச் சிறியதன் நீளம் 5 மில்லிமீற்றர். ஒரு பயறு மணி அளவு. அந்த அலைகளைச் சோதிக்க அவர் பயன்படுத்திய பொருட்களைக் கேளுங்கள்: முறுக்கிய சணல் கட்டு, தாளுக்குத் தாள் தகரத்தாள் செருகிய ரயில் நேர அட்டவணைப் புத்தகம். இல்லாததை நினைத்து அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதற்கு எனக்கு இந்தப் புத்தகமே போதும்.

1895 இல் ஊரார் முன்னிலையில் அந்த அலைகளை வேலை செய்ய வைத்துக் காட்டினார். கூட்டத்துக்குத் தலைமை, வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் மெக்கென்ஸி. ஓர் அறையில் பொறி பறந்தது. 75 அடிக்கு அப்பால் இன்னோர் அறையில் மணி அடித்தது, கைத்துப்பாக்கி வெடித்தது, சிறிதளவு வெடிமருந்தும் வெடித்தது. இடையில் மூன்று சுவர். வழியில் அமர்ந்திருந்த கவர்னரின் உடம்பையும் ஊடுருவித்தான் அலை போனது.

அலை வந்து பட்டால் மின்சாரத்துக்கு வழிவிடும், படாவிட்டால் தடுக்கும்: அக்காலத்து ரிசீவருக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். பிரான்சில் பிரான்லி அதைக் குழாய்க்குள் இரும்புத் துகளைப் போட்டுச் செய்தார். போஸ் சுருள் வில்களை ஒன்றோடொன்று அழுத்தி வைத்து அதைத் திருத்தினார். எப்படிச் செய்தாலும் அது ஒரு சுவிட்சுதான். சுவிட்சுக்குப் பேசத் தெரியாது, ஏவலை நிறைவேற்றத் தெரியும். அதனால்தான் ரேடியோ பாட்டுப் பாடப் பழகுமுன் மணி அடிக்கப் பழகியது. ரிமோட்டை வானொலியின் தம்பி என்று நினைத்திருப்பவர்கள் பலர். என் கணக்கில் அதுதான் மூத்த காக்கா.

மூன்று வருடம் கழித்து, 1898 இல், நிக்கொலா டெஸ்லா நியூயோர்க் கண்காட்சியில் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் திருப்பிக் காட்டி, அந்த நவம்பரிலேயே காப்புரிமையும் பெற்றார். 1937 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் செய்து 'கஃப்' என்ற மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பியில்லா அலைகளின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு, பாட்டுப் பக்கமாக. கொழும்பு தந்திக் கந்தோரில் எட்வர்ட் ஹார்ப்பரும் அவரது ஆட்களும், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உதிரிகளை வைத்துக் கட்டிய டிரான்ஸ்மிட்டரில்தான் இலங்கையின் முதல் கிராமபோன் பாட்டு ஒலிபரப்பானது. அதற்குப் பிறகே, 1925 டிசம்பர் 16 இல், கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது.

மருமகன் இவ்வளவையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நாங்களும் பெரிதாக ஒன்று செய்வோம், வட்டையில் நிற்கிற தண்ணீர்ப் பம்பை வீட்டிலிருந்தே நிற்பாட்டுவோம் என்றான். நல்ல ஆசை. ஆனால் இங்கே ரேடியோ அலை அனுப்பும் கருவியை நினைத்தபடி கட்டி இயக்க முடியாது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு. சக்தியைக் கூட்டினால் அலை நம் வளவோடு நிற்காது, அடுத்தவனின் அலைவரிசையிலும் போய் விழும். அதைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

அந்த ரிமோட்டில் கைவைக்காமல் வேறொன்று செய்தோம். காரிலிருந்து செத்த மோட்டாரை வெட்டி எடுத்தோம். அதன் இரண்டு கம்பியிலும் மூன்று வோல்ட் பஸர் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டினோம். முதல் தடவை சத்தமே வரவில்லை. கம்பிகளை மாற்றி ஒட்டியதும் கத்தியது. அதைக் குசினியில் மூத்தம்மாவின் அடுப்புக்கு மேலே மாட்டினோம். அவன் கேற்றடிக்கு ஓடிப்போய்ப் பட்டனை அழுத்தினான். மூன்று சுவருக்கு இந்தப் பக்கம் அது அடித்தது.

இந்தப் பெருநாளிலும் உங்கள் வீட்டுக் கார் பழுதாகும். குப்பையில் போட்டுவிடாதீர்கள். அநேகமாக மோட்டார்தான் செத்திருக்கும். ரிசீவர் உயிரோடு இருக்கும். திறந்து பார்க்கிற பிள்ளையிடம் கொடுங்கள்.