ஆர்.எல். பாட்டில் வந்த வழி

திருப்பூர் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து, வயிற்றுப்போக்கில் துவண்டு கிளினிக்குக்கு வரும் டெய்லர் கேட்பது ஒன்றுதான்: "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி உடுங்க டாக்டர்." தலைக்கு மேல் சிஸ்டர் தொங்கவிடுவதில் பல நேரம் குளுக்கோஸ் துளியும் இருக்காது. லேபிளில் ரிங்கர் லாக்டேட் என்று இருக்கும்; வாய்ப்பேச்சில் ஆர்.எல். அரை லிட்டர் தண்ணீரில் 3 கிராம் சாதா உப்பு, ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் சோடியம் லாக்டேட், ஒரு சிட்டிகை பொட்டாசியம் குளோரைடு, அதைவிடக் குறைவாகக் கால்சியம் குளோரைடு. இந்தச் சின்னப் பட்டியல் உருவாக நூறு ஆண்டுகள் ஆயின. அதைத் தொடங்கிவைத்த நோய், நம் நாட்டிலிருந்து புறப்பட்டது.

வங்காளத்திலிருந்து வணிகப் பாதைகளிலும் படைகளோடும் நகர்ந்த காலரா, 1831-ல் இங்கிலாந்தின் சண்டர்லண்டு துறைமுகத்தில் இறங்கியது. நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்த 22 வயது மருத்துவர் வில்லியம் ஓஷாக்னசி, தண்ணீரோடு உப்பும் வெளியேறிவிடுகிறது என்று கண்டுசொன்னார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, உப்புநீரை நேராக ரத்தக்குழாயில் செலுத்திப் பார்த்தார். சாகக்கிடந்த மூதாட்டி கண் விழித்துப் பேசினார். சில மணி நேரத்தில் மீண்டும் சரிந்து இறந்துபோனார். பின்னால் வந்தவர்களில் சிலர் பிழைத்தார்கள். ஆனாலும் காலரா ஓய்ந்ததும் முறையும் மறந்துபோனது.

ஓஷாக்னசியோ கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்து கல்கத்தா வந்து, 1839-ல் இந்தியாவின் முதல் சோதனைத் தந்திக் கம்பியை இழுத்தார். உப்பிலிருந்து தந்திக்குத் தாவினாரே என்று தோன்றும். ஆனால் கடலடித் தந்திக் கம்பியில் மின்சாரம் எப்படிச் செல்கிறது என்று 1855-ல் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் போட்ட கணக்குதான், பிற்காலத்தில் நரம்பிழையில் மின்னோட்டம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணிக்கவும் உதவியது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1882. லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், உடலிலிருந்து எடுத்த தவளை இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்திருந்தார். அதன் முடிவுகளை எழுதியும் விட்டார். பிறகுதான் தெரிந்தது, கரைசலுக்குக் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக லண்டன் குழாய்த் தண்ணீர் பயன்பட்டிருந்தது. வடிநீரில் மறுபடி செய்தால் துடிப்பு தேய்ந்து நின்றது. குழாய்நீரில் கரைந்திருந்த கால்சியமே அதுவரை இதயத்தை ஓட்டியிருக்கிறது! தன் தவற்றை 1883-ல் அவரே அச்சில் ஏற்றினார். அந்த நேர்மையில்தான் ஆர்.எல். பிறந்தது. அவர் கரைசலைப் பார்த்துப் பலர் ஆளுக்கொரு மாற்றம் செய்தார்கள். 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், வயிற்றுப்போக்கால் ரத்தத்தில் அமிலம் ஏறிய குழந்தைகளுக்காக லாக்டேட்டைச் சேர்த்தார்.

இந்த உப்புகளின் அயனிகள் உடலில் செய்கிற வேலையின் கணக்கை 1952-ல் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் போட்டுக் காட்டினார்கள். செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். நடுவே மெல்லிய சவ்வு. உட்புறம் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னில் இருக்கிறது. சோடியத்துக்கான வாசல் திறந்தால் அதன் நேர்மின் அயனிகள் உள்ளே பாய்ந்து, கண்ணிமைக்கும் முன்பே உட்புறம் நேர்மின்னாகிவிடும். நரம்பின் சேதி அதுதான். கால்சியத்துக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு என்று 1957-ல் பிராங்கன்ஹாய்சரும் ஹாட்ஜ்கினும் காட்டினார்கள்: அது குறைந்தால் சோடியம் வாசல்கள் லேசில் திறந்துகொள்ளும். கால்சியம் குறைந்தவருக்குக் கை விரல்கள் இழுத்துக்கொள்வது இதனால்தான். சவ்வின் வெளிப்பரப்பில் உள்ள எதிர்மின்னைக் கால்சியம் அயனிகள் மூடி மறைப்பது, வாசல்கள் லேசில் திறக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம்.

சாயப்பட்டறைக்காரருக்கு இந்த மறைப்பு நன்றாகப் பழகியது. 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாய வகையில்தான் இன்று திருப்பூரின் பருத்திப் பனியன் துணி நிறம் ஏறுகிறது. தண்ணீரில் பருத்தியும் எதிர்மின், சாயமும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் சோடியம் அயனிகள் நூலின் மின்னை மறைக்க, சாயம் நெருங்கி ஒட்டும். கறுப்பு, நேவி போன்ற அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம்கூட உப்பு போகும், ஆர்.எல்.லில் லிட்டருக்கு 6 கிராம்தான் சாதா உப்பு. மின் ஏறிய பரப்பைச் சுற்றி அயனிகள் எப்படித் திரளும் என்று 1910-ல் கூயியும் 1913-ல் சாப்மனும் போட்ட ஒரே சமன்பாடு, சாயத்தொட்டிக்கும் செல் சவ்வுக்கும் பொருந்துகிறது.

உப்பு நூலில் தங்குவதில்லை. அத்தனையும் கழிவுநீரோடு நொய்யல் ஆற்றுக்குப் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்த பிறகு, கழிவிலிருந்து மீட்ட உப்புநீர் பட்டறைக்கே திரும்புகிறது, அடுத்த லாட் கறுப்புத் துணிக்காக.