மூங்கில் தரையும் எங்கள் வீட்டுச் சிவப்புத் தரையும்

பாரிஸ் பக்கத்தில் இருக்கும் என் மகள் போன மாதம் தொலைபேசியில், "அப்பா, வீடு முழுக்க மூங்கில் தரை போட்டுவிடலாம். அம்மா இன்னொரு தடவை விழுந்தால் தாங்காது" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2019இல் கூடத்துப் பளபளப்பு டைல்ஸில் ஈரம் இருந்தது தெரியாமல் கால் வைத்து, என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மகள் தன் வீட்டில் மூங்கில் பலகை பதித்திருக்கிறாள். குளிர்காலத்தில் வெறுங்காலோடு நடக்கலாமாம்.

எனக்குப் பழைய ஞாபகங்கள் கிளம்பிவிட்டன. எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் பிரெஞ்சுப் புத்தகத்தில் 'பர்க்கே' என்ற சொல்லைப் படித்தபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. மரப்பலகைத் தரைக்கு அந்தப் பெயர். பிறகு அரசாங்கக் கோப்புகளில் அதே சொல்லைப் பார்த்தேன். அங்கே அது அரசு வழக்குரைஞர் அலுவலகம்! இரண்டுக்கும் வேர், அடைப்புக்குள் இருக்கும் சிறு இடம் என்பதுதான்.

அந்தப் பர்க்கே பிரபலமானதற்கு ஒரு கதை உண்டு. வெர்சாய் அரண்மனையில் முதலில் சலவைக்கல் தரை. அதை அடிக்கடி தண்ணீர் விட்டுக் கழுவ, நீர் கசிந்து கீழே இருந்த மர உத்தரங்கள் உளுத்தன. 1680களில் கல்லை எடுத்துவிட்டு ஓக் மரப் பலகை பதித்தார்கள். தண்ணீருக்குப் பயந்து அங்கே கல்லிலிருந்து மரத்துக்குப் போனார்கள். நம் ஊரிலோ தண்ணீருக்கும் கறையானுக்கும் பயந்து மரத்தைத் தரைக்கே கொண்டுவரவில்லை. புதுச்சேரியில் நான் உள்ளே போய்ப் பார்த்த பழைய பிரெஞ்சு வீடுகளில்கூட மரம் விட்டத்திலும் மாடிப்படியிலும்தான் இருந்தது. தரை சுண்ணாம்புக் காரை, அல்லது பூப்போட்ட சிமெண்டுக் கல்.

அந்தப் பூக்கல் பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்சில், ஆர்தேஷ் பகுதிச் சுண்ணாம்புச் சூளைகளை ஒட்டி வளர்ந்த தொழில் அது. பிறகு உலகம் சுற்றியது. நம் ஆத்தங்குடிக் கல்லும் அதே இனம்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை.

அதற்கெல்லாம் வசதியில்லாத எங்கள் தெருவில் சாணம் மெழுகிய மண் தரைதான். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா மெழுகுவார். 1961இல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்வதற்கு முந்தைய வருடம், அப்பா கடன் வாங்கிச் சிவப்புத் தரை போட்டார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே சிமெண்டுப் பூச்சு. அதன் மேல் ரெட் ஆக்சைடு பொடி கலந்த சிமெண்டுப் பால். கொத்தனார் முட்டி போட்டுப் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து கரண்டியால் தேய்த்ததை நாள் முழுக்க வேடிக்கை பார்த்தேன். மறுநாள் பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்தினார்கள். நாங்கள் திண்ணையில் படுத்தோம். பல மாதம் வெள்ளை வேட்டியெல்லாம் சிவப்பாயிற்று. அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து அதைக் கண்ணாடி ஆக்கினார்.

கடப்பாக்கல், மொசைக், கிரானைட் எல்லாம் பிறகு வரிசையாக வந்தன. பொதுப்பணித் துறையில் மதிப்பீடுகளைத் தட்டச்சு செய்தவன் என்பதால் அவற்றை முதலில் காகிதத்தில்தான் அறிந்தேன்.

மூங்கிலுக்கு வருகிறேன். மூங்கில் தரை புதுசு என்று மகள் நினைக்கிறாள். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் தெருச் சொல்தா ஒருவர், அந்த நாட்டுக் கிராமங்களில் கம்பங்கள் மேல் நிற்கும் வீடுகளைப் பற்றிச் சொல்வார். மூங்கிலைப் பிளந்து தட்டையாக்கிப் பரப்பிய தரையாம். இடுக்கு வழியாகக் காற்று வரும், கூட்டின குப்பையும் கீழே போய்விடும். நம் வடகிழக்கு மாநில மலைக் கிராமங்களிலும் அப்படித்தான். வெள்ளம் கீழே போகும், மனிதர் மேலே இருப்பார். மூங்கிலுக்கு அதுதான் சரியான இடம்.

இன்று கடையில் விற்பது வேறு பொருள். உள்ளே குழலாக இருப்பதால் மூங்கிலைப் பலகையாக அறுக்க முடியாது. சீனத்து மோசோ மூங்கிலை ஐந்தாறு வயதில் வெட்டி, கீற்றாக்கி, சர்க்கரையும் மாவுச்சத்தும் போக வேகவைத்து, உலர்த்தி, பசை தடவிச் சூட்டில் அழுத்துகிறார்கள். மாவுச்சத்தைத் தின்னத்தான் வண்டு வரும். நம்மவர்கள் தேய்பிறையில் வெட்டிக் குளத்தில் ஊறப்போட்டதும் அதே காரணத்துக்குத்தான். தேக்குக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். மூங்கில் புல் இனம், வெட்டினால் மறுபடி முளைக்கும். இந்த விஷயம் நம் சட்டத்துக்கு மட்டும் ரொம்ப நாள் தெரியவில்லை! 1927 வனச் சட்டத்தில் மூங்கில் மரம்; காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து 2017இல்தான் எடுத்தார்கள்.

எல்லாம் சரி, தண்ணீர்? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் கூடத்தில் கணுக்கால் வரை தண்ணீர். என் மைத்துனர் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஆசையாக மூங்கில் பலகை போட்டிருந்தார். தண்ணீர் வடிந்த நாலாம் நாள், இணைப்புகள் எல்லாம் கூரை முகடு போலத் தூக்கிக்கொண்டு நின்றன. மாடி அறையில் போட்டது இன்றும் அழகாக இருக்கிறது. என் மனைவியால் மாடி ஏற முடியாது.

ஆகவே மகளிடம் வேண்டாம் என்றேன். டைல்ஸை எடுத்துவிட்டால் அடியில் அப்பாவின் சிவப்புத் தரை இருக்குமே என்ற ஆசையில் பாகூர்ப் பக்கத்து வயதான கொத்தனாரை வரவழைத்தேன். மூலையில் ஒரு டைலைப் பெயர்த்துக் காட்டினார். சிவப்பு இருந்தது, ஆனால் முழுக்கப் பொளி. 2008இல் டைல்ஸ் பிடிப்பதற்காகக் கொத்தியிருக்கிறார்கள். அன்று வேலையாட்களுக்குச் சரி சொன்னது நான்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

"விடுங்க ஐயா, பொளி இருந்தாத்தான் புதுப்பூச்சு நல்லாப் பிடிக்கும்" என்றார் அவர். சிவப்புத் தரையும் ஈரத்தில் வழுக்கும் என்பதால் கண்ணாடி போல் தேய்க்க வேண்டாம், சொரசொரப்பாக விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அரைமனதாகத் தலையாட்டினார். பொங்கல் கழித்து வேலை. தண்ணீர் நிறுத்தும் ஒரு வாரமும் மனைவி தங்கை வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

"மறுபடி புடவையெல்லாம் சிவப்பாகுமே" என்கிறாள் அவள்.