மடிக்கணினி வெப்ப மேலாண்மை

மடிக்கணினி வெப்ப மேலாண்மை என்பது, மடிக்கணினி இயங்கும்போது அதன் உறுப்புகளில் தோன்றும் வெப்பத்தை வெளியேற்றி, அவற்றைப் பாதுகாப்பான வெப்பநிலை எல்லைக்குள் வைத்திருக்கும் முறைகளைக் குறிக்கும். மேசைக் கணினியை விட மடிக்கணினியில் உள்ளிடம் குறைவு. ஆகவே காற்றோட்டம் சிறிது தடைப்பட்டாலும் வெப்பநிலை விரைவில் உயர்கிறது. கோடை வெப்பமும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து காணப்படும் பல்லடம், திருப்பூர் போன்ற நெசவு வட்டாரங்களில் இது கூடுதல் கவனத்துக்குரியது.

வெப்பம் தோன்றும் விதம்

செயலி பயன்படுத்தும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. செயலியின் மேல் பொருத்தப்பட்ட செப்புத் தகடு இவ்வெப்பத்தை ஏற்று, வெப்பக் குழாய்க்குக் கடத்துகிறது. இக்குழாயினுள் குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர்மம் இருக்கும். அது சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீர்மமாகி, உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே திரும்புகிறது. குளிர்ந்த முனையில் நெருக்கமாக அடுக்கப்பட்ட மெல்லிய உலோக இதழ்கள் உள்ளன. விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுகிறது. செயலிக்கும் தகட்டுக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை வெப்பப் பசை நிரப்புகிறது.

இயல்பான வெப்பநிலைகள்

வெப்பநிலை கணினியின் வகை, செய்யும் பணி, அறையின் வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பொதுவான அளவுகள் வருமாறு:

* பணியின்றி இருக்கும்போது செயலி: 40 முதல் 55 °செ வரை
* இணைய உலாவல், தட்டச்சு போன்ற எளிய பணிகள்: 50 முதல் 70 °செ வரை
* விளையாட்டு, நிகழ்படத் தொகுப்பு போன்ற கடும் பணிகள்: 75 முதல் 95 °செ வரை
* வன்தட்டு: 50 °செ-க்குக் கீழ் இருப்பது நன்று

இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் பலவற்றின் உச்ச வரம்பு 100 °செ; ஏஎம்டி செயலிகள் பலவற்றுக்கு 95 °செ. கடும் பணியின்போது சிறிது நேரம் 90 °செ-ஐத் தொடுவது பழுதின் அறிகுறி அன்று. எளிய பணியிலேயே அந்த அளவு நீடித்தால் காற்றுவழியைச் சோதிக்க வேண்டும்.

வரம்பை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இது வெப்பத்தால் நேரும் வேகக் குறைப்பு எனப்படுகிறது. அதன் பின்னும் வெப்பம் ஏறினால் கணினி தானாகவே அணைந்துவிடும். சேமிக்கப்படாத வேலை அப்போது இழக்கப்படும். நச்சுநிரலே காரணம் எனக் கருதப்படும் மந்தம் பல நேரங்களில் இவ்வேகக் குறைப்பின் விளைவேயாகும்.

அறை வெப்பநிலையின் பங்கு

விசிறியால் எந்த உறுப்பையும் அறைக் காற்றை விடக் குளிர்விக்க இயலாது. ஒரே பணிக்கு, அறைக்கும் செயலிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு ஏறத்தாழ மாறாதிருக்கும். எடுத்துக்காட்டாக, 25 °செ அறையில் 80 °செ காட்டும் செயலி, விசிறியின் வேகம் மாறாத நிலையில், 38 °செ அறையில் ஏறத்தாழ 93 °செ காட்டும். கணினியில் குறையேதும் இல்லாமலே கோடையில் அது மந்தமாவதற்கு இதுவே காரணம்.

பல்லடம் வட்டாரச் சூழல்

திருப்பூர் மாவட்டத்திலுள்ள பல்லடம், காடாத் துணி நெய்யும் விசைத்தறிகளுக்கும் கறிக்கோழி வளர்ப்புக்கும் பெயர்பெற்றது. வீட்டை ஒட்டியே தறிக்கூடம் அமைந்திருப்பது இங்கு வழக்கம். தறி ஓடும்போது நூலிலிருந்து உதிரும் பஞ்சு இழைகளும், பாவுக்கு இடப்பட்ட கஞ்சியின் துகள்களும் காற்றில் கலக்கின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கியது. அதன் வழியாகத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றில் முதல் கணினி நுழைந்தது.

மண் தூசியை விடப் பஞ்சுத் தூசி கணினிக்குக் கூடுதல் தடையாகிறது. மண் துகள்களில் ஒரு பகுதி இதழ்களின் இடைவெளி வழியே வெளியேறிவிடும். பஞ்சு இழைகளோ ஒன்றோடொன்று பின்னி, விசிறிக்கும் இதழ்களுக்கும் நடுவே கம்பளம் போலப் படிகின்றன. காற்று குறைவதால் விசிறி இன்னும் வேகமாகச் சுழன்று மேலும் பஞ்சை இழுக்கிறது. இப்படிவு உட்புறம் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்போர்க்குத் தெரியாது. விசிறி இரைந்தும் வெளிவாயிலில் காற்று மெலிந்திருப்பதே இதன் அடையாளம்.

மின்கலம்

வெப்பத்தால் விரைவில் கெடும் உறுப்பு லித்தியம் அயனி மின்கலமாகும். இதனைப் பொதுவாக 45 °செ-க்கு மேல் மின்னேற்றக் கூடாது. முழு மின்னேற்றத்துடன் சூட்டில் வைத்திருப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். 80 விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு இருப்பின் பயன்படுத்தலாம். 2006 ஆகத்தில் டெல் நிறுவனம், தீப்பற்றும் அபாயம் கருதி, சோனி தயாரித்த ஏறத்தாழ 41 இலட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. மின்கலம் உப்பினால் கணினியை அணைத்து, மின்னேற்றுவதை நிறுத்த வேண்டும். உப்பிய மின்கலத்தை அழுத்துவதோ துளையிடுவதோ தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

பராமரிப்பு

* மெத்தை, தலையணை மீது வைக்காமல் கடினமான சமதளத்தில் வைத்தல். பின்புறத்தைச் சற்று உயர்த்தினால் அடிப்புறக் காற்றுவழி திறக்கும்.
* தறி ஓடும் இடத்தினின்று விலக்கி, மூடிய அறையில் பயன்படுத்துதல். பயன்படுத்தாதபோது அணைத்து உறையிலிடுதல்.
* பஞ்சு மிகுந்த இடங்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை உட்புறத்தைத் தூய்மை செய்தல். கணினியை அணைத்து, மின்கலத் தொடர்பைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு, படிவை மென்தூரிகையால் எடுக்க வேண்டும்.
* தொழிற்கூடங்களிலுள்ள காற்றழுத்தியின் காற்றைச் செலுத்தாதிருத்தல். அதன் மிகை அழுத்தம் விசிறியின் தாங்கியைக் கெடுக்கும். அதிலுள்ள ஈரமும் எண்ணெயும் மின்சுற்றில் படியும்.
* தூய்மை செய்த பின்னும் வெப்பம் குறையாவிடில் வெப்பப் பசையை மாற்றுதல்.

சூடான கணினியை நெடுநேரம் மடியில் வைத்து நாள்தோறும் பயன்படுத்தினால், தொடைத் தோலில் வலை போன்ற செந்நிறத் தழும்பு தோன்றக்கூடும். தீப்புண் உண்டாக்காத மிதமான சூடும் தொடர்ந்து படுமாயின் இவ்விளைவைத் தரும். எனவே மடிக்கணினியை மேசை மீது வைத்துப் பயன்படுத்துவதே கணினிக்கும் பயனருக்கும் நலம் பயப்பதாகும்.